நல்ல பீஸில் கை வைக்காதே

நான் என் மகளை அடித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் பாதியில் வந்து யாரும் எனக்காக உச்சுக்கொட்ட வேண்டாம்.

எனக்கு நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியை விரித்துப் பார்த்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தையல் விட்டதோ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். சரியான பீஸைத் தொடாமல் தள்ளிவிட வேண்டும். நல்ல பீஸில் ஒரு பேனாக் கோடு விழுந்தாலும் அது டேமேஜ்தான். சூப்பர்வைசர் மூஞ்சியிலேயே விட்டெறிவான்.

மகள் கவிப்பிரியா மூன்றாம் வகுப்பு. பள்ளி விட்டதும் கம்பெனிக்கு வந்து என் மேசைக்கடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். ஒருநாள் மை அப்பிய கையோடு ஒரு வெள்ளைச் சட்டையைத் தடவிவிட்டாள். பளாரென்று விட்டேன். "தப்பு இருக்குற எடத்துலதாண்டி குறி போடணும். நல்ல பீஸ்ல கை வைக்காத, சொல்லிப்புட்டேன்" என்றேன். தலையாட்டினாள். அதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன்.

பள்ளியில் வியாழக்கிழமை அடைவுத் தேர்வு வைத்திருந்தார்கள். மாநிலம் முழுக்க மூன்றாம் வகுப்புக்கு ஒரே கேள்வித்தாள். போன வருஷம் இந்தப் பள்ளிதான் ஒன்றியத்திலேயே கடைசி. அதனால் செல்வக்குமார் வாத்தியாருக்கு ஒரு மாதமாகவே பேய் பிடித்த மாதிரி இருந்தது. மரஸ்கேல் இல்லாமல் வகுப்புக்குள் வரமாட்டார். செவ்வாய்க்கிழமை ஒரு மாதிரித் தேர்வு வைத்தார். முப்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை, நான்கு வட்டம். பேனாவால் கருப்பாக்க வேண்டும். பிள்ளைகள் அந்தத் தாளைப் பார்த்ததே அன்றைக்குத்தான்.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனால் என் பிள்ளை வராண்டாவில் முட்டி போட்டிருந்தாள். கெண்டைக்காலில் ஸ்கேல் பட்ட இடம் வரிவரியாகச் சிவந்து கிடந்தது.

"வாங்க, உங்க புள்ள லட்சணத்தப் பாருங்க" என்று தாளை நீட்டினார் வாத்தியார். மேலே பெரிய ஜீரோ. "ஒவ்வொரு கேள்விக்கும் மூணு மூணு வட்டத்தக் கிறுக்கி வெச்சிருக்குதுங்க. ஒண்ணையாவது படிச்சாத்தானுங்க? இத உக்கார வெச்சா நாங்க மறுபடியும் கடைசிதான். வியாழக்கிழம லீவு போட்டுருங்க. ஊட்டுலயே இருக்கட்டும்."

பக்கத்தில் நின்ற ஒரு பிள்ளையின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. நான் எட்டாவதோடு நின்றவள். உசிலம்பட்டியிலிருந்து இங்கே வந்த நாள் முதல் நின்றே வேலை பார்க்கிறேன். இவள் அந்த மேசைக்கு வரக் கூடாது, படித்து வேறு வேலைக்குப் போக வேண்டும், அது ஒன்றுதான் என் வெறி. தேர்வுக்கே வர வேண்டாம் என்று ஊர் பார்க்கச் சொல்லிவிட்டானே!

வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். கைக்குக் கிடைத்தது இரும்புத் தோசைக்கரண்டி. முதுகில் போட்டேன். தொடையில் போட்டேன். "அடிக்காதம்மா, நல்லா பாத்துத்தாம்மா போட்டேன்" என்று கத்தினாள். "எதுத்தா பேசுற?" என்று இன்னும் ஓங்கினேன். "நல்லதுல கை வைக்கலம்மா! ஒண்ணுலகூடக் கை வைக்கலம்மா!" என்று இரண்டு கையாலும் தலையை மறைத்தாள். அவள் சொன்னது காதில் விழத்தான் செய்தது. கரண்டி நிற்கவில்லை. வலது கை விரல்மேல் இறங்கியது. மடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அவள் கத்தவில்லை. வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை.

பக்கத்து ரூம் சைதுன்னிசா கதவை உடைக்கிற மாதிரி தட்டி உள்ளே வந்தாள். அவளும் என் மேசையில்தான் செக்கிங். "யா அல்லா, புள்ளயக் கொன்னு போட்டியாடி?" என்று என்னைச் சுவரோரம் தள்ளிவிட்டுக் கவியைத் தூக்கினாள். அடிபட்ட கையில் இரண்டு விரல்கள் கோணிக்கொண்டு வீங்கின. தரையில் கிடந்த தாளை எடுத்து, "இதுக்கா அடிச்ச?" என்றாள். கவியின் பையிலிருந்து கேள்வித்தாளையும் எடுத்து வைத்துப் பார்த்தாள்.

"ஒச்சு, ஏழும் அஞ்சும் எவ்வளவு?" என்று என்னைக் கேட்டாள்.

"பன்னெண்டு."

"பன்னெண்டத் தொடாம விட்டுருக்கா. மத்த மூணையும் கருப்படிச்சிருக்கா. அடுத்ததப் பாரு, இதையும் பாரு. எல்லாத்துலயும் சரியானதச் சுத்தமா விட்டுட்டுத் தப்ப மட்டும் குறி போட்டுருக்காடி. உம்புள்ள செக்கிங் பண்ணியிருக்கா."

தாளை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். முப்பதையும் பார்த்தேன். முப்பதிலும் நல்ல பீஸில் கை வைக்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து இரண்டு விரலும் முறிந்திருப்பதாகச் சொன்னார்கள். மணிக்கட்டு வரை மாவுக்கட்டு. எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டார். கவி என்னைப் பார்த்துவிட்டு, "விழுந்துட்டேன்" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. அதையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை காலையில் பள்ளிக்குப் போனேன். வாத்தியார் மேசைமேல் கை ஊன்றி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மரஸ்கேல். ஸ்கேலை எடுத்து அவர் விரல்மேல் ஓங்கிப் போட்டேன். இரண்டாவது அடிக்கு அவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். மூன்றாவது மேசையில் பட்டு ஸ்கேல் இரண்டாக முறிந்தது. பிள்ளைகள் அலறிக்கொண்டு வெளியே ஓடின. ஹெட்மிஸ்ட்ரஸ் ரோஸ்மேரி டீச்சர் ஓடிவந்து, "போலீஸக் கூப்பிடுவேன்!" என்றார்.

"கூப்புடுங்க டீச்சர். எம்புள்ள கைய ஒடிச்சது நாந்தேன், அதையும் எழுதச் சொல்லுங்க" என்று தாளை மேசையில் விட்டெறிந்தேன். "தொடாத வட்டத்த எண்ணச் சொல்லுங்க இந்த ஆள!"

செல்வக்குமார் ரத்தம் கட்டிய விரலை வாயில் வைத்தபடியே எண்ணினார். முகம் செத்துப்போனது. "முப்பதும் சரிங்க டீச்சர்" என்றார். அப்புறம் என்னைப் பார்க்காமல், "பாத்துக் கருப்பாக்குங்கன்னுதான் சொன்னேனுங்க. எதையின்னு சொல்லல. எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சுட்டேன். நாளைக்குக் கட்டாயம் அனுப்புங்க" என்றார். டீச்சர் அப்புறம் போலீஸைக் கூப்பிடவில்லை.

அந்த ஆளை அடித்தும் என் கோபம் அடங்கவில்லை. அடிபட வேண்டிய ஆள் நான்தான், என் கையால் என்னை எப்படி அடிக்க?

வியாழக்கிழமை தேர்வை நடத்த வெளியூரிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். பிள்ளை விடை சொல்லட்டும், யாராவது வட்டம் போடட்டும் என்று கெஞ்சினேன். வாத்தியாரும் கெஞ்சினார். விதியில் இடமில்லை என்றுவிட்டார். கவி உள்ளே போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கட்டுப் போட்ட கையால் தாளை அழுத்திக்கொண்டு, இடது கையால் பேனாவைக் குத்துகிற மாதிரி பிடித்து, ஒரு வட்டத்துக்கு ஒரு யுகம் எடுத்துக்கொண்டாள். வெளியே மை போய்விடக் கூடாது என்று நாக்கைக் கடித்தபடி போட்டாள்.

மணி அடித்ததும் வெளியே வந்தாள்.

"பதினொண்ணு போட்டேம்மா. நல்லதுல மட்டும் போட்டேன். மிச்சமும் தெரியும், கைதான் வரல."

மிச்சம் பத்தொன்பது. அத்தனையையும் அடித்து வீணாக்கியது நான். அவள் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். பள்ளி கேட்டைத் தாண்டும்போது சேலையைப் பிடித்து இழுத்தாள். கோபமாகக் கேட்கவில்லை. பென்சில் வாங்கித் தரச் சொல்கிற குரலில்தான் கேட்டாள்.

"அம்மா, அடுத்த தடவ முதுகுல மட்டும் அடிக்கிறியா? கை பரிச்சைக்கு வேணும்."

நான் ரோட்டோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.