உப்பு பூத்த வண்டி

காலை ஆறு இருபதுக்கு ஜோஷ்வா வேலையில் உட்காருவான். முன்னதாகவே விழிப்பு வந்துவிட்டாலும் அந்த நேரத்துக்காகக் காத்திருப்பான். கதவைத் திறந்து வைத்தால் ஏரி தெரியும். அப்போது தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவில் கோடு இருக்காது. பூநாரைகள் எதில் நிற்கின்றன என்று சொல்ல முடியாது.

மேசைமேல் ஒரு கறுப்புப் பலகை. பலகைமேல் வண்டி.

மூன்று டன் ராணுவ லாரி. நிஜத்தில் அதன் சக்கரம் அவன் இடுப்புக்கு வரும். இங்கே கட்டைவிரலில் பாதி. முப்பத்தைந்தில் ஒன்று. பொன்னேரியில் திருவிழாக் கடையில் தொங்கிய பிளாஸ்டிக் பொம்மை அது. மஞ்சள் நிறம், பக்கத்தில் முயல் படம். அளவு மட்டும் எப்படியோ சரியாக இருந்தது. கடைக்காரன் பார்த்துக்கொண்டிருக்க, நூல் வைத்து அளந்துவிட்டுத்தான் வாங்கினான்.

வெளிநாட்டுக்காரர்கள் இப்படி வண்டி செய்வதைச் செல்போனில் பார்த்திருந்தான். அவர்களுடைய ஒரு தூரிகை அவனுக்கு இரண்டு நாள் கூலி. அதனால் இருப்பதை எடுத்துக்கொண்டான். மனைவி கிறிஸ்டினா தினமும் சாப்பிடும் தைராய்டு மாத்திரையின் அட்டையில் கண்ணாடிக் குமிழ்கள் இருந்தன. அவை முன்விளக்குகள் ஆயின. அதே அட்டையின் பின்பக்க வெள்ளித்தாள் பக்கக் கண்ணாடி ஆனது. இறால் குஞ்சு வலையில் ஒரு துண்டு ரேடியேட்டருக்கு முன்னால் போனது. பழைய செருப்பை வெட்டி டயர். கைக்குட்டையைப் பசையில் நனைத்துத் தார்ப்பாய். வலை நூலைப் பிரித்து, அதில் ஒரே ஒரு இழை, தார்ப்பாயைக் கட்டும் கயிறு. பனியில் வழுக்காமலிருக்கச் சக்கரத்தில் சுற்றும் சங்கிலி வேண்டும். கிறிஸ்டினாவின் அறுந்த கவரிங் சங்கிலியைக் கேட்டான்.

"ஊர்ல அவனவன் வீடு கட்றான். எங்கூட்டுக்காரரு லாரி கட்றாரு" என்று சொல்லிக்கொண்டே அவள் கொடுத்தாள்.

அவன் வேலை செய்வது அப்துல் ஹையின் படகு யார்டில். ஃபைபர் படகுகளில் விரிசல் அடைப்பான். டப்பாவில் ஒட்டியிருந்த பச்சைப் பெயிண்டைக் கேட்டபோது அப்துல் ஹை வண்டியின் போட்டோவை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"எட்த்துனு போ. ஆனா இது போட்டுக்கு அடிக்கிற பெயிண்ட்டு தம்பி. லாரிக்கு அடிச்சா லாரி மெதக்கும்."

மிதக்கத்தான் செய்தது. பச்சை காய்ந்த மறுநாள், கண்ணை மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்தான். வண்டிக்குப் பின்னால் ஏரி. வெள்ளையான, முடிவில்லாத சாலை. வண்டி அதில் ஓசையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். அவன் கண் இமைக்காமல் இருந்தவரை போனது.

வண்டி வேண்டும் என்று ருக்கு கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை மீன் கொடுக்க வந்தபோது, வாசலில் நின்று சொன்னாள்.

"ரோட்டுல மிலிட்டரி வண்டி போனா நின்னு பாக்கறேண்ணா. அவரு ஓட்னது எதுன்னு தெரில. எல்லாத்தயும் பாக்கறேன்."

அவளுடைய புருஷன் அர்ஜுனன். ஊர் சுண்ணாம்புக்குளம். ஒரே ஏரிக்கரையில் பிறந்த ஜோஷ்வாவும் அவனும் ராணுவத்தில் ஒரே வண்டிக்கு டிரைவர்களாக ஆறாயிரம் கிலோமீட்டர் ஓட்டினார்கள். நான்கு வருடத்துக்கு முன்னால், மலைமேல் ஒரு முகாமில், காலை ஆறு இருபதுக்கு, நின்றிருந்த வண்டி தானாகச் சரிவில் நகர்ந்தது. அர்ஜுனன் அதற்கு முன்னால் குனிந்து விளக்கின் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். வண்டி பதினோரு அடி போனது. பதினோராவது அடியில் கல்சுவர்.

அந்தக் குளிரில் ஹேண்ட்பிரேக் போடமாட்டார்கள். போட்டால் உறைந்து பிடித்துக்கொள்ளும். கியரில் நிறுத்தி, பின்சக்கரத்துக்கு முன்னால் ஒரு மரக்கட்டை வைப்பார்கள். காலையில் இன்ஜினைச் சூடாக்கக் கியரை எடுத்துவிட்டால், வண்டியைப் பிடித்திருப்பது அந்தக் கட்டை மட்டும்தான். அன்று இன்ஜினைப் போட்டது ஜோஷ்வா.

கட்டை இருந்ததா என்று விசாரணையில் கேட்டார்கள். இருந்தது என்றான். பனியில் வழுக்கியிருக்கலாம் என்று எழுதிக்கொண்டார்கள். வண்டியைப் பின்னுக்குத் தள்ளப் பத்துப் பேர் கட்டைகளையும் கல்லையும் எடுத்தார்கள், போட்டார்கள். எது எங்கே இருந்தது என்று பிறகு யாருக்கும் தெரியவில்லை. ஜோஷ்வா கையுறை இல்லாமல் இழுத்தான். இடது கையில் இரண்டு விரல்கள் அன்றிலிருந்து மடங்குவதில்லை. ருக்கு அதை ஊரெல்லாம் சொல்லியிருந்தாள். எங்க அண்ணன் வெறுங்கையால இழுத்தாரு என்பாள். சனிக்கிழமை மீனுக்குக் காசு வாங்கமாட்டாள்.

கட்டை இருந்தது என்று அவன் பலரிடம் சொல்லியிருந்தான். சொல்லச் சொல்ல அது நடந்ததுபோல் ஆகிவிட்டது. ஆனால் அந்தக் காலையை நினைத்தால் சக்கரத்தின் பக்கம் மட்டும் மூடுபனி.

வண்டியைச் செய்யத் தொடங்கியதற்குக் காரணம் ருக்கு. விடாமல் செய்ததற்குக் காரணம் வேறு. எதைச் செய்தானோ அது நினைவுக்கு வந்தது. கதவுப்பிடியைச் செய்த அன்று, அது இடப்பக்கம் மட்டும் ஆடும் என்பது வந்தது. சீட்டைச் செய்தபோது, சீட்டுக்குப் பின்னால் அர்ஜுனன் தொங்கவிட்டிருந்த நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம் வந்தது. கதவைத் திறந்தால் சுண்ணாம்புக்குளம் வாடை அடிக்கும். குளிர் கூடிய நாட்களில் அர்ஜுனன் பொட்டலத்தின்மேல் தன் மப்ளரைப் போர்த்துவான். கருவாடு நடுங்குது பங்காளி என்பான். ஜோஷ்வா ஒரு அரிசி அளவுக்குத் துணியை உருட்டி, நூலில் கட்டி, சீட்டுக்குப் பின்னால் தொங்கவிட்டான்.

ஒவ்வொன்றாக வந்தது. கட்டையும் வந்துவிடும் என்று காத்திருந்தான். வந்து, சக்கரத்துக்கு முன்னால் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டால் போதும். பிறகு ருக்குவிடம் கொடுக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாக அவள் சொல்லியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை சேறு பூசினான். புது வண்டியாக இருந்தால் பொய்யாக இருக்கும். கடையில் அதற்கென்று பொடிகள் விற்கிறார்கள். ஏரிக்கரையில் சேற்றுக்கு விலை இல்லை. ஒரு தேங்காய்ச் சிரட்டையில் அள்ளி வந்தான். சல்லடைத் துணியில் வடிகட்டினான். பலகையில் தரையாகப் பரப்பத் தொடங்கினான். வண்டியின் அடியிலும் சக்கரத்திலும் தொட்டுத் தொட்டு வைத்தான். செருப்பு டயர்கள் நன்றாக உருண்டன. பலகை சற்றுச் சாய்ந்ததும் வண்டி நகர்ந்தது. பழைய படகிலிருந்து உடைந்த ஒரு சிராயைப் பின்சக்கரத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, அதைச் சுற்றித் தரையைப் பூசி முடித்தான். முடிந்ததும் சக்கரங்களின் அடியில் ஒரு சொட்டுப் பசை வைத்தான். விளக்கை அணைத்துப் படுத்தான்.

மறுநாள் ஆறு இருபதுக்குப் பார்த்தபோது வண்டிமேல் பனி விழுந்திருந்தது.

முதலில் அவன் அசையவில்லை. பிறகு கிட்டே போனான். சக்கரச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் வெள்ளை. பம்பரில் மெல்லிய வெள்ளை மயிர்கள். தரை முழுக்க வெள்ளை. வெளியே ஏரியும் வெள்ளை. எது உள்ளே எது வெளியே என்று ஒரு கணம் தெரியவில்லை. இன்ஜின் ஓடும் சத்தம் கேட்டது. தூரத்தில் யாரோ ஒரு படகை இயக்கியிருக்கலாம்.

கிறிஸ்டினா காபியோடு வந்து நின்றாள். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏரிச் சேத்தப் பூசுனா உப்பு பூக்காம இன்னா பண்ணும்? இந்த ஊர்க்காரன்தானா நீ? செவுத்துக்கே எவனும் பூச மாட்டான்."

பதினான்கு வருடம் வெளியே இருந்தவன் அதை மறந்திருந்தான். ஈரத்துணியால் துடைத்துவிடலாம் என்று அவள் சொன்னாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தது வேறொன்றை.

பின்சக்கரத்துக்கு முன்னால் வெள்ளையில் ஒரு கறுப்புச் சதுரம். நகத்தில் பாதி இருக்கும். அங்கே மட்டும் உப்பு பூக்கவில்லை. சிராய் இருந்த இடம். சேறு அதன்மேல்தான் பட்டிருந்தது, கீழே படவில்லை. சிராய் மேசை ஓரத்தில் கிடந்தது. அதை எடுத்தது எப்போது என்று அவனுக்குத் தெரியவில்லை. வேலை முடிந்தது, கை எடுத்துவிட்டது.

அப்போது அந்தக் காலை வந்தது. முழுதாக, சத்தமில்லாமல், மிகச் சின்னதாக.

இன்ஜின் ஓடுகிறது. ஐந்து நிமிடத்தில் கிளம்ப வேண்டும். கட்டையும் சக்கரங்களும் தரையோடு உறைந்திருக்கின்றன. அவன் பூட்ஸால் இரண்டு உதை விட்டுக் கட்டையைப் பெயர்த்தெடுக்கிறான். அதன் கயிற்றைப் பிடித்துத் தூக்கி, கேபினில் கால்மாட்டில் போடுகிறான். கையெழுத்துக்கு யாரோ கூப்பிடுகிறார்கள். திரும்பும்போது கண் தரையில் படுகிறது. வெள்ளையில் ஒரு கறுப்புச் சதுரம். அழகாக இருக்கிறது என்று நினைக்கிறான். நடக்கிறான்.

"கட்டை அங்க இல்ல" என்றான்.

கிறிஸ்டினாவுக்குப் புரிய நேரம் பிடித்தது. அந்த நான்கு வருடமும் அவள் அவனோடு இருந்தவள். காபியை மேசையில் வைத்தாள். பிறகு வாசலைப் பார்த்தபடி பேசினாள். அவன் இதை யாரிடமும் சொல்லத் தேவையில்லை என்றாள். போனவன் வரப்போவதில்லை என்றாள். இத்தனை நாள் கழித்து ருக்குவுக்கு இருப்பது ஒரு அண்ணன்தான், அதையும் பிடுங்குவானேன் என்றாள். கடைசியாகச் சொன்னது மட்டும் அவன் பக்கம் திரும்பி.

"துண்டு மரம். வெச்சுட்டுப் போயேன்."

அவன் அன்று யார்டுக்குப் போகவில்லை. சிராயை எடுத்துச் செதுக்கினான். ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் சரிவு. உச்சியில் ஊசியால் துளை. துளையில் வலை இழையால் ஒரு வளையம். மடங்காத விரல்களுக்கு அது சிரமமான வேலை. மதியம் ஆகிவிட்டது.

முள்வாங்கியால் பிடித்து, சக்கரத்துக்கு முன்னால் வைத்துப் பார்த்தான். கறுப்புச் சதுரத்தில் அச்சாகப் பொருந்தியது. வண்டி உறுதியாக நின்றது. இனி எந்தச் சரிவும் அதை அசைக்காது. நான்கு வருடமாக அவன் பார்க்க விரும்பிய காட்சி. வெயில் சாயும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டிக்கு முன்னால் ஒருவன் குனிந்து விளக்கைச் சுரண்டுகிறான், நிமிர்கிறான், கையைத் தட்டிக்கொண்டு கேபினில் ஏறுகிறான். கருவாட்டுக்கு மப்ளரைப் போர்த்துகிறான். வண்டி ஏரிமேல் கிளம்புகிறது.

ஞாயிறு காலை ஆறு இருபதுக்கு உட்கார்ந்தான். கட்டையை எடுத்தான். இடப்பக்கக் கதவைத் திறந்தான். கால்மாட்டில் ஒரு சொட்டுப் பசை வைத்து, அதன்மேல் கட்டையைச் சாய்த்துக் கிடத்தினான். பசை காயப் பத்து நிமிடம் ஆகும். அதுவரை எடுத்துவிடலாம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நின்று ஏரியைப் பார்த்தான். பூநாரைகள் ஒரு கோடாக நகர்ந்துகொண்டிருந்தன. உப்பை அவன் துடைக்கவில்லை.

பதினொரு மணிக்கு ருக்குவின் குட்டி யானை மேல்ரோட்டில் தெரிந்தது. புருஷன் போனபின் அவள் ஓட்டக் கற்றுக்கொண்ட வண்டி. பழவேற்காட்டிலிருந்து மீனும் ஐஸும் ஏற்றித் திருப்பாலைவனம் வழியாகப் பொன்னேரிக்கு ஓட்டுகிறாள். ரோட்டிலிருந்து வீட்டுக்கு இறங்கும் சரிவில் நிறுத்தினாள். இறங்கியதும் சீட்டுக்கு அடியிலிருந்து அரைச் செங்கல்லை எடுத்து முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள். காலால் தட்டிப் பார்த்தாள். பிறகுதான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

அடுக்களையில் கிறிஸ்டினா பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள்.

ருக்கு வண்டியைத் தொடவில்லை. மேசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். கண் வண்டிக்கு நேராக வந்தது. விளக்குகளைப் பார்த்தாள். சங்கிலியைப் பார்த்தாள். இவ்வளவு பனியா என்று கேட்டாள். இதைவிட அதிகம் என்றான். அவர் எந்தப் பக்கம் உட்காருவார் என்று கேட்டாள். காட்டினான். அவள் அந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சீட்டுக்குப் பின்னால் தொங்கியதைக் கண்டதும் முகம் மாறியது.

"கருவாடு" என்றாள். "நான் கட்டிக் குட்த்தது. இத்தக்கூட வெச்சிகீறியா நீ."

முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சிரித்தாள். அவனும் சிரிக்க வேண்டியிருந்தது.

பிறகு வண்டி ஓட்டுகிறவர்கள் எதைப் பார்ப்பார்களோ அதைப் பார்த்தாள். குனிந்து அடியைப் பார்த்தாள். முன்சக்கரம். பின்சக்கரம். வெள்ளைத் தரையில் அந்தக் கறுப்புச் சதுரம். விரலை அதன் அருகே கொண்டுபோனாள். தொடாமல் நிறுத்தினாள்.

அவன் நின்றுகொண்டிருந்தான். வெளியே ஒரு மோட்டார் படகு போனது. அதன் சத்தம் முழுதாக ஓயும்வரை அவள் அசையவில்லை. பிறகு மெதுவாக நிமிர்ந்து, திறந்திருந்த இடப்பக்கக் கதவுக்குள் பார்த்தாள்.

"ண்ணா" என்றாள். "கட்டை இன்னாத்துக்கு உள்ள கெடக்குது?"