தாய்மாமன் சீர்

கையுறைத் தொழிற்சாலையில் கால் கடுக்க நின்று சம்பாதித்த கலாவதியின் சம்பளத்தை வங்கி பிடித்து வைத்துக்கொண்டது. கடன் அட்டை வழக்கில் தீர்ப்பாகிவிட்டதாம். வழக்கு நடந்ததே அவளுக்குத் தெரியாது. கடிதங்களெல்லாம் எப்போதோ இடித்துத் தள்ளிய பழைய தோட்ட லயத்து வீட்டு விலாசத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. வீடு மாறிய அவசரத்தில் வங்கியிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது!

அட்டை அவள் பெயரில். தேய்த்தது தம்பி கணேஸ்வரன். கம்போங் குவாந்தான் ஆற்றில் இரவில் மின்மினி பார்க்க வருபவர்களுக்குப் படகில் துடுப்புப் போடுபவன். சம்பளச் சீட்டு இல்லாதவனுக்கு எந்த வங்கி அட்டை கொடுக்கும்? சொந்தப் படகு வாங்க வேண்டும், மாதாமாதம் நானே கட்டிவிடுகிறேன் என்றான். கொடுத்தாள். படகு எங்கேடா என்றால் ரிப்பேரில் இருக்கிறது என்பான். கூடப்பிறந்தவனைக் குடைந்து கேட்க அவளுக்கு மனம் வரவில்லை.

கோலசிலாங்கூரில் வங்கியின் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு அவனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பேச்சு நடத்தியவள் தனுஜா என்ற குமாஸ்தா.

"மொத்தக் கடன் இருபத்தாறாயிரம் வெள்ளிக்கா. வட்டியக் கொஞ்சம் கொறைக்கச் சொல்றேன். மாசம் நானூறு கட்டுறேன்னு கையெழுத்துப் போட்டா சம்பளத்த விட்டுருவாங்க."

"முந்நூறுன்னா முடியும்லா," என்றாள் கலாவதி.

"எதுக்குச் செலவாச்சுன்னு சொன்னா மேல கேட்டுப் பாக்கலாம்." தனுஜா கணக்குத் தாளைப் புரட்டினாள். "நகைக்கடை, பட்டுக்கடை, பழக்கடை, மேளம்... எல்லாம் ஒரே வாரத்துல."

கலாவதி தாளை இழுத்துத் தேதியைப் பார்த்தாள். மகள் விஷாலினியின் சடங்கு நடந்த வாரம். தாய் வீட்டு நாதியில்லாதவள் என்று அவளைப் பதினைந்து வருடம் குத்திக்காட்டிய மாமியார் வீட்டார் வாயடைத்து நிற்க, அன்று இருபத்தொரு தட்டோடு மண்டபத்துக்குள் வந்தான் தாய்மாமன். மகள் கழுத்தில் சங்கிலி போட்டான். கலாவதி பூரித்துப்போய் அழுதாள். அவள் காசிலேயே அவளுக்குச் சீர்! ஓங்கி அறையலாம் போலிருந்தது.

தனுஜா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது நீங்க பண்ண செலவு இல்லன்னா சொல்லிருங்கக்கா. அப்புறம் இங்க பேச முடியாது. போலீஸ்ல ரிப்போட் குடுத்துட்டு கோர்ட்டுக்குத்தான் போகணும்."

கணேஸ்வரன் நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"எல்லாம் என் செலவுதான்மா," என்றாள் கலாவதி. பேரம் பேச அதற்கு மேல் தெம்பில்லை. நானூறுக்கே கையெழுத்துப் போட்டாள். ஐந்து வருடம்.

படியிறங்கும்போது அவன் உடைந்துபோனான். "ஒன் மாமியா வீட்டாளுங்க முன்னால நீ தலகுனியக் கூடாதுன்னுதான்க்கா..."

"வீட்டுல விஷாகிட்ட மூச்சு விட்டுறாத," என்றாள். "மாமா போட்ட செயினுன்னு இன்னும் கழட்டாமத் திரியுறா."

சொல்லும்போதே அழுகை வந்தது. அடக்க அவள் முயலவில்லை.