மாமியார் வளைவுக்கு மேலே

சைக்கிளை எங்கே இறக்குவது என்று பால் வண்டிக்காரர் கேட்டபோது வாசலில் நின்றிருந்த யாரும் வாயைத் திறக்கவில்லை. செத்துப்போனவளின் மூக்குக்கண்ணாடியை யார் எடுத்து உள்ளே வைப்பது என்றே முடிவாகாமல் அது காலையிலிருந்து ஜன்னல் ஓரத்தில் கிடந்தது. இதில் முழுசாக ஒரு சைக்கிள் வந்து நின்றால் என்ன செய்வார்கள்?

லிஃப்ட்காரர்தான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தார்.

ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் கையால் ஓடுகிறவை. அதனால் அந்தப் பெயர். "ஊரையே மேல ஏத்தி விடற மனுஷன், பரண்ல இருந்து பெட்டி எடுக்கச் சொன்னா கால் நடுங்கும்" என்று அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவளோ மேடு என்று எதைப் பார்த்தாலும் ஏறியே தீர வேண்டும் என்று நிற்கிற ரகம். இப்போது முன்னறைக் கட்டிலில் கழுத்துவரை போர்வையோடு படுத்திருந்தாள். கைகள் மட்டும் வெளியே இருந்தன. இரண்டு கோடை வெயில் பட்டு விரல்கள் கறுத்திருந்தன. விரல் திறந்த கையுறை மறைத்த புறங்கை மட்டும் வெளுப்பாக இருந்தது. அந்த வெளுப்பைப் பார்க்காமல் இருப்பதற்காகவே அவர் காலையிலிருந்து வாசல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"அப்படியே தூக்கி வெச்சு எடுத்துட்டு வந்துட்டேன் சார். ஒண்ணும் தொடல" என்றார் பால் வண்டிக்காரர். அவளை முதலில் பார்த்தவர் அவர்தான். "விடிஞ்சு கொஞ்ச நேரம்தான். வளைவுல, எறங்கற பக்கத்துச் சுவர்மேல உக்காந்திருந்தாங்க. சைக்கிள் பக்கத்துல ஒழுங்கா சாய்ச்சிருந்துச்சு. ஹெல்மெட்டக் கழட்டி மடியில வெச்சிருந்தாங்க. வேடிக்கை பாக்கறாங்கன்னுதான் நெனச்சேன். ஹாரன் அடிச்சா எப்பவும் கை காட்டுவாங்க சார்..."

லிஃப்ட்காரர் அவர் தோளைத் தட்டிவிட்டு சைக்கிளை வாங்கிக்கொண்டார்.

உள்ளே பெரியக்காவின் குரல் கேட்டது. பெரியக்கா, செத்தவளுக்கு மூத்தவள். தங்கை ஐம்பத்தாறு வயதில் சைக்கிள் வாங்கிய நாளிலிருந்து அதைத் திட்டுவதை ஒரு உத்தியோகமாகவே செய்துவந்தவள். துக்கம் விசாரிக்க வருகிற ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னாள். சொல்லச் சொல்ல கொஞ்சம் நீண்டது.

"அந்த வளைவுலதான் வழக்கமா தோத்துப்போவா. இன்னிக்கும் முட்டி மோதிப் பாத்திருக்கா. முடியல. உக்காந்திருக்கா. உக்காந்த இடத்துலயே போயிட்டா. தோத்த எடத்துலயே உயிர விடணும்னு எழுதியிருக்கு பாருங்க."

அந்தத் 'தோத்த' என்ற சொல் ஒவ்வொரு தடவையும் லிஃப்ட்காரரின் நெஞ்சில் வந்து குத்தியது. மறுத்துச் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. அதுதான் கொடுமை.

ஊருக்கு வெளியே இருந்த மேட்டுச் சாலை முழுக்க ஏற்றம்தான். உச்சியில் தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்குக் கொஞ்சம் கீழே ஒரு வளைவு. எப்படிப் போனாலும் குறை சொல்லும் என்பதால் அதற்கு மாமியார் வளைவு என்று பெயர் வைத்தவளே அவள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து ஓட்டும் கூட்டத்தில் எல்லாரும் தொட்டியில் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள்தான். அவள் மட்டும் இல்லை. இரண்டு கோடையாக அந்த வளைவில் மூச்சு முட்டி, காலை ஊன்றி, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவாள்.

"மிச்சத்தத் தள்ளிட்டே வாங்கக்கா, மேல காத்து அள்ளிட்டுப் போகும்" என்று கூட்டத்தில் இருந்த பல் டாக்டர் எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தாள்.

"தள்ளிட்டு வர்றதுக்கு எதுக்குடி சைக்கிள்? மேல எப்படி இருக்குன்னு யாரும் எங்கிட்ட சொல்லவும் கூடாது. ஓட்டிட்டுப் போனாத்தான் பாப்பேன்."

அவள் பிடிவாதம் அப்படி. கல்யாணமான புதிதில் லிஃப்ட்காரரே அதில் பல தடவை முட்டிக்கொண்டு தலையைத் தடவியிருக்கிறார்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டின் பக்கவாட்டில் போனபோது மகள் எதிரே வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அத உள்ள கொண்டு வராதீங்கப்பா. எனக்கு அதப் பாக்கவே பிடிக்கல."

"இல்லம்மா. பின்னாடிதான் வெக்கப் போறேன்."

பின்புறக் கொட்டகைதான் அவருடைய பட்டறை. அவர் ஓட்டமாட்டார், ஆனால் அவள் சைக்கிளில் அவர் கை படாத திருகாணி கிடையாது. சுவரில் ஸ்பேனர்கள் வரிசையாகத் தொங்கின. நேற்று சாயங்காலம் துடைத்துப் போட்ட எண்ணெய்த் துணி அதே இடத்தில் இருந்தது. சைக்கிளை வழக்கமான கொக்கியில் தூக்கி மாட்டினார். கண் வழக்கம்போல செயினுக்குப் போனது. போன கண் அங்கேயே நின்றுவிட்டது.

பின்சக்கரத்தில் செயின் கடைசிச் சின்னப் பல்சக்கரத்தில் கிடந்தது.

மேடு ஏறுகிறவர்கள் பின்னால் இருக்கிற பெரிய பல்சக்கரத்துக்கு செயினை ஏற்றுவார்கள். அப்போதுதான் பெடல் லேசாகும். சின்னது சமதரையில் பறக்கிறவர்களுக்கு. அதில் அந்த மேட்டை ஏறுவதும் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறுவதும் ஒன்றுதான்.

நேற்று சாயங்காலம் அந்த கியருக்குப் புது கேபிள் போட்டவர் அவர். கேபிளை இழுத்துப் பிடித்து போல்ட்டை முடுக்கப்போன நேரத்தில் போன் அடித்தது. எங்கோ ஒரு லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டிருந்தார். அப்படியே ஓடினார். முடுக்கிவிட்டு ஓடினாரா, முடுக்காமல் ஓடினாரா? எவ்வளவு யோசித்தும் கைக்கு நினைவு வரவில்லை. அந்த போல்ட் தளர்ந்து கேபிள் நழுவினால் செயின் தானாகக் கடைசிச் சின்னச் சக்கரத்தில் போய் விழும். அதாவது, இப்போது கிடக்கிற இடத்தில்.

காலையில் அவள் கிளம்பும்போது அரைத் தூக்கத்தில் சொன்னார்தான். "கேபிள் புதுசு, இழுத்துக்கும். இன்னிக்கு மேடு வேணாம். சமதரையில ஓட்டிட்டு வா." "சரி சரி" என்றாள். அவள் ஒரு தடவை 'சரி' என்றால் சரி. இரண்டு தடவை சொன்னால் மாட்டேன் என்று அர்த்தம். முப்பது வருஷம் குடித்தனம் செய்தவருக்கு அது தெரியாதா? தெரிந்தும் புரண்டு படுத்தார்.

நான்தான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தார். வேறெந்த நினைப்பும் வரவில்லை.

சுவரிலிருந்து ஸ்பேனரை எடுத்து போல்ட்டில் வைத்தார். இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை பொருந்தியது. திருப்பினார்.

அசையவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தரம் திருப்பினார். இம்மியும் அசையவில்லை. கேபிளைச் சுண்டினார், விறைப்பாக இருந்தது. ஒரு கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே மறு கையால் கியரைத் தட்டினார். செயின் சொன்ன பேச்சைக் கேட்டது. ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது என்று ஏறி, மேட்டுக்கான பெரிய சக்கரத்தில் போய் உட்கார்ந்தது. திரும்ப இறக்கினார். மறுபடி ஏற்றினார். ஒரு தடவைகூடச் சறுக்கவில்லை.

பக்கத்தில் கிடந்த மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. அப்புறம்தான் மெக்கானிக் மூளை மெல்ல விழித்துக்கொண்டது.

கேபிள் நழுவவில்லை. அப்படியென்றால் செயினை அந்தச் சின்னச் சக்கரத்துக்கு யார் கொண்டுபோனது?

முன்பக்கம், பெடலோடு சுற்றும் தட்டுகளைக் குனிந்து பார்த்தார். அங்கே செயின் பெரிய தட்டில் இருந்தது. மேடு ஏறுகிறவள் முன்னால் சின்னத் தட்டில் அல்லவா போட்டிருப்பாள்? முன்னாலும் பின்னாலும் அவளே கை வைத்து மாற்றியிருக்கிறாள். ஏறுகிற கியர் இல்லை இது. இறங்குகிற கியர். வளைவில் தோற்று உட்கார்ந்தவளின் செயின் இங்கே இருக்காது.

முன் சக்கரத்துப் பக்கம் போனார். பிரேக் கட்டைகளும் நேற்று மாட்டியவைதான். வழவழவென்று புது மெருகோடு மாட்டினார். இப்போது மெருகு போய்ச் சொரசொரவென்று தேய்ந்திருந்தது. ரிம் ஓரமெல்லாம் கறுப்புப் பொடி. வீட்டிலிருந்து வளைவு வரைக்கும் இறக்கம் என்று எதுவும் கிடையாது. பிரேக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இறங்கி வளைவில் வந்து நிற்க வேண்டுமானால் அந்தச் சாலையில் ஒரே ஒரு பகுதிதான் உண்டு. தொட்டியிலிருந்து வளைவு வரை.

அவர் சிரித்துவிட்டார். வாய்விட்டு, கொட்டகைத் தகரம் அதிரும்படியாகச் சிரித்தார். கண்ணில் நீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கத் தோன்றவில்லை. பிறகு எழுந்து, பெடலைச் சுற்றி, செயினை அவள் விட்டுவைத்திருந்த அதே சின்னச் சக்கரத்துக்குத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார்.

சத்தம் கேட்டு ஓடி வந்தது பெரியக்காதான். மூச்சு வாங்கக் கொட்டகை வாசலில் நின்றாள்.

"என்ன தம்பி இது? அங்க அவ கிடக்கா, நீ இங்க சிரிக்கிற? இருப்பா, யாரையாவது கூப்பிடறேன்..."

"ஏறிட்டாக்கா."

"யாரு?"

"உங்க தங்கச்சி. தொட்டி வரைக்கும் ஏறிட்டு எறங்கி வந்திருக்கா."

பெரியக்கா அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்றியா?"

"வந்து பாருங்க."

செயினைக் காட்டிச் சொன்னார். அவள் லேசில் விடுகிறவள் இல்லை. "வளைவுல திரும்பி, எறங்கலாம்னு கியர மாத்தியிருப்பா."

"நின்ன சைக்கிள்ல கியர் மாறாதுக்கா, ஓடினாத்தான் மாறும். திரும்பி ஓட்டியிருந்தா வளைவ விட்டுக் கீழ வந்திருப்பாளே. வளைவுலயேதான இருந்தா? அப்ப எங்கேருந்து வந்து அங்க நின்னா?"

அவர் பிரேக் கட்டையைக் காட்டினார். நேற்று எப்படி இருந்தது, வழியில் இறக்கமே இல்லை, எல்லாவற்றையும் சொன்னார். பெரியக்கா மெதுவாகக் குனிந்தாள். முழங்கால் வலிக்காரி, ஆனாலும் தரையில் மண்டியிட்டாள். ஆள்காட்டி விரலை ரிம்மில் வைத்து நீளமாக இழுத்தாள். விரல் மைபோலக் கறுத்தது.

"பாவி" என்றாள் அதைப் பார்த்தபடி. "யாருகிட்டயும் சொல்லாம, கூட யாரையும் கூட்டிக்காம..."

"எப்பவும் எல்லாரும் பாத்துட்டே இருக்காங்கன்னு சொல்லுவா. அதான் தனியாப் போயிருக்கா."

"ஜெயிச்சவ நேரா வீட்டுக்கு வர வேண்டியதுதானே? அந்த வளைவுல போய் எதுக்கு உக்காந்தா?"

லிஃப்ட்காரர் ஸ்பேனரைச் சுவரில் மாட்டினார். "மாமியார நாலு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு உக்காந்திருப்பா."

பெரியக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், அது அழுகையாக மாறியது. காலையிலிருந்து வருகிறவர்களுக்காக அழுத அழுகை இல்லை இது. லிஃப்ட்காரர் அவளைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். வீட்டுக்கு வந்து அவரை எழுப்பிச் சொல்வதற்காக அந்தச் சேதியோடு உட்கார்ந்து இளைப்பாறியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். பரவாயில்லை. பால் வண்டியில் ஏறியாவது சேதி வந்து சேர்ந்துவிட்டது.

சாயங்காலம் சுடுகாட்டு வண்டி வந்து வாசலில் நின்றது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முழுக்க சைக்கிளோடு வந்திருந்தது. அவளைத் தூக்கி வண்டியில் வைத்தபோது லிஃப்ட்காரர் அந்தக் கைகளைப் பார்த்தார். கறுத்த விரல்கள், வெளுத்த புறங்கை. இப்போது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்க முடிந்தது.

பின்புறத்திலிருந்து சைக்கிளைக் கொண்டு வந்தது மகள். கொண்டு வரச் சொல்லி யாரும் சொல்லவில்லை, பெரியம்மா காதில் போட்ட சேதியே போதுமாக இருந்தது. ஹேண்டில்பாரை இறுகப் பிடித்து, அம்மாவின் வண்டிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள்.

பல் டாக்டர் பழக்க தோஷத்தில் செயினைப் பார்த்தாள். "அண்ணா, கியர் ஹெவில கிடக்கு. உங்க பொண்ணு ஓட்டிட்டு வர்றதா இருந்தா லைட்டா மாத்திடட்டுமா?"

"வேணாம்மா. அது அங்கயே இருக்கட்டும்."

பல் டாக்டர் மறுபடி செயினைப் பார்த்தாள். முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த நிமிஷம் சைக்கிள் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் சேதி பரவியது. யாரோ ஒருவர் ஹேண்டில்பார் மணியை அடித்தார். துக்க வீடாயிற்றே என்று ஒரு நொடி தயங்கி, பின் எல்லாரும் அடித்தார்கள்.

கடைசியாக வந்து சேர்ந்த தூரத்து உறவுக்காரர் ஒருவர், மணிச்சத்தம் எதற்கென்று புரியாமல் பெரியக்காவிடம் போய், "மேடு ஏற முடியாம நடுவுலயே போயிட்டாளாமே, பாவம்" என்றார்.

"எவன் சொன்னான்?" என்று பெரியக்கா அவர்மேல் பாய்ந்தாள். "உச்சி வரைக்கும் போனா என் தங்கச்சி! ஒரு எடத்துல கால் ஊனல, மூச்சு வாங்கல. போயிட்டு, ஆற அமர எறங்கி வந்தா. வேணும்னா பிரேக்கப் போய்ப் பாருங்க!"

மூச்சு வாங்கினாளா இல்லையா என்பது பெரியக்காவுக்கு எப்படித் தெரியும் என்று லிஃப்ட்காரர் கேட்கவில்லை. சொல்லச் சொல்ல நீளும், நீளட்டும்.

வண்டி கிளம்பியது. அக்கம்பக்கத்தில் யாரோ ஒருத்தி ஈரத்துணியோடு ஓடி வந்தாள். "அக்கா, கையெல்லாம் என்னமோ கறுப்பா ஒட்டியிருக்கு பாருங்க. தொடச்சுக்கோங்க."

பெரியக்கா விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, சைக்கிளுக்குப் பக்கத்தில் போய் நடக்கத் தொடங்கினாள்.