பேனாவால் சுழித்த குளம்

அமெரிக்காவில் இர்விங் தமிழ்ப் பள்ளி ஞாயிறுதோறும் வாடகைக்கு எடுக்கும் கட்டடத்தில், நூற்றுப் பதினான்காம் அறையில், ஒரு குளம் இருக்கிறது. நீளம் பதினெட்டு அடி, அகலம் பன்னிரண்டு, ஆழம் இடுப்பளவு. நான்கு கெண்டை மீனும் ஓரமாகக் கொஞ்சம் அல்லியும் உண்டு. 2023 மார்ச்சில், ஒரு ஞாயிறு காலை பதினொன்றே காலுக்கு வந்தது, பிறகு போகவில்லை. வார நாட்களில் அங்கே கணக்குப் படிக்கும் அமெரிக்கப் பிள்ளைகள் மேசைகளைக் கரையோரம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். குளத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். அதன் பேரில் நடந்த துரோகத்தைத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை இங்கே யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை.

மூன்றாம் நிலை வகுப்பை நடத்தியவர் மெஹர் நிஷா, நாகூர்க்காரர். பள்ளியின் ஒருங்கிணைப்பாளர் ஸ்வர்ணா, மயிலாப்பூர். ஸ்வர்ணாவுக்கு ஃப்ரீவேயில் கார் ஓட்டப் பயம் என்பதால் ஆறு வருடமாக மெஹர் நிஷாவின் காரில்தான் ஸ்வர்ணாவும் அவள் மகன் மாதவும் வந்து போனார்கள். அவனிடம் தமிழில் என்ன கேட்டாலும் பதில் ஆங்கிலத்தில் வரும். ஒருநாள் காரில், பின் சீட்டில் அவன் இருக்கும்போதே, ஸ்வர்ணா கெஞ்சினாள்: "நிஷா, இவன் வாயிலேருந்து முழுசா ஒரு தமிழ் சென்டென்ஸ் கேட்டுட்டா போதும்பா எனக்கு. காப்பி எழுதினா இதுங்களுக்கு ஏறாது. கேம் மாதிரி ஏதாவது பண்ணேன், ப்ளீஸ்."

மெஹர் நிஷா அன்று மதியமே உட்கார்ந்து பத்துக்குப் பத்து கட்டம் போட்டு, எழுத்துகளுக்கு நடுவே சொற்களை ஒளித்து வைத்தார். அடுத்த வாரம் பதினெட்டுப் பிள்ளைகளும் கட்டம் கட்டமாக விரலை நகர்த்தி, எழுத்துக் கூட்டி முணுமுணுத்துத் தேடினார்கள். அதிதி என்ற பெண் 'கொய்யா'வைக் கண்டுபிடித்துப் பென்சிலால் சுழித்தாள். மேசைமேல் இரண்டு கொய்யா வந்தது. 'கொக்கு' சுழித்தவனுக்குக் கொக்கு வந்தது. வாடகைக் கட்டடம் ஆயிற்றே, வகுப்புக்கு முன் அறையைப் போனில் படம் எடுத்து, முடிந்ததும் அந்தப் படத்தில் இருந்தபடியே விட்டுப் போக வேண்டும் என்பது எல்லாத் தமிழ்ப் பள்ளிக்கும் உள்ள விதி. அதனால் பன்னிரண்டேகாலுக்குப் பிள்ளைகள் சுழியை ரப்பரால் அழிப்பார்கள், வந்தது போய்விடும், சொல் மட்டும் அவர்களிடம் தங்கிவிடும். தானே தேடி எடுத்த சொல்லை எந்தப் பிள்ளையும் மறக்கவில்லை. காப்பி எழுதி மூன்று வருடத்தில் வராத வாசிப்பு நான்கே மாதத்தில் வந்தது. பென்சில் மட்டும்தான் என்று மெஹர் நிஷா கதவில் எழுதி ஒட்டியிருந்தார்.

அந்த மார்ச் ஞாயிறு மாதவ் பென்சில் எடுத்து வரவில்லை. காரிலிருந்து இறங்கும் அவசரத்தில் ஸ்வர்ணா தன் கைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து அவனிடம் கொடுத்தாள். அவன் 'குளம்' கண்டுபிடித்து, பேனாவால் சுழித்தான். எவ்வளவு தேய்த்தும் மை போகவில்லை, தாள்தான் கிழிந்தது.

கட்டடக்காரர்கள் கடிதம் அனுப்பினார்கள்: பொறுப்பானவரை நீக்குங்கள், இல்லையென்றால் ஜூனோடு இடத்தைக் காலி செய்யுங்கள். கமிட்டி கூடியது. பிள்ளைகளை வெளியே விளையாட விட்டிருந்தார்கள். பொருளாளர் ராமசுப்ரமணியன், இந்த விளையாட்டை யார் அனுமதித்தது என்று பொதுவாகக் கேட்டார். மெஹர் நிஷா ஸ்வர்ணாவைப் பார்த்தார். ஸ்வர்ணா பேனா விஷயம் வெளியே வருமோ என்று பயந்திருக்க வேண்டும். கூட்டத்துக்குக் கொண்டு வந்திருந்த உப்புமா டிரேயின் மூடியைச் சரிசெய்துகொண்டே, "நான் அப்பவே வேணாம்னு சொன்னேன்," என்றாள். கூட இருந்தே குழி பறிப்பது என்பார்களே, அது இதுதான். மெஹர் நிஷாவை நீக்கக் கை தூக்கியவர்களில் ஸ்வர்ணாவும் ஒருத்தி.

வந்த காரிலேயே திரும்ப வேண்டியிருந்தது. இருபத்திரண்டு நிமிட ஓட்டம். வழக்கம்போல் அவர்கள் அபார்ட்மென்ட் வாசலில் நிறுத்தி, மாதவ் பெல்ட்டைக் கழற்றும்வரை காத்திருந்து, மெஹர் நிஷா சொன்னது ஒன்றே ஒன்று: "ஸ்வர்ணா, வேற யாராவது சொல்லியிருந்தா எனக்கு வலிச்சிருக்காது." அந்தக் கார் அதன்பின் அந்த வாசலுக்கு வரவில்லை.

மே மாதம் தேர்வு முடிவு வந்தபோது மற்ற ஊர்ப் பள்ளிகளெல்லாம் அந்தக் கட்டங்களைக் கேட்டன. கமிட்டிக்கு ஆசை வந்துவிட்டது. ஆளை வேண்டாம் என்றவர்களுக்கு ஆளின் கட்டம் மட்டும் இனித்தது. கோடையில் நானூறு பிரதி அச்சாயிற்று. அட்டையில் 'தொகுப்பு: ஸ்வர்ணா' என்று போட்டிருந்தது. மெஹர் நிஷாவின் பெயர் நன்றியுரையில்கூட இல்லை. நெஞ்சழுத்தம்தான், வேறென்ன.

ஆகஸ்டில் முதல் வகுப்பு. குளத்தைச் சுற்றி உட்கார்ந்த பிள்ளைகளுக்கு ஸ்வர்ணாவே பாடம் எடுத்தாள். புத்தகத்தில் கொய்யா இல்லை, கொக்கு இல்லை. எந்தப் பக்கத்தில் தேடினாலும் எல்லாருக்கும் ஒரே வாக்கியம்தான் கிடைத்தது. அதிதி அதைச் சுழித்தாள். சுழித்தால் வர வேண்டியது வழக்கப்படி வந்தது. உப்புமா வாசனையோடு, ஸ்வர்ணாவின் குரல், அறை முழுக்கக் கேட்கும்படி: நான் அப்பவே வேணாம்னு சொன்னேன். மெஹர் நிஷாவின் இடத்தில் ஸ்வர்ணா நிற்பதைப் பார்த்த பிள்ளைகளுக்கு, யாரைப் பற்றி, எதைப் பற்றி என்று விளக்க வேண்டியிருக்கவில்லை.

மாதவ் எழுந்து நின்றான்.

"அம்மா, நீதானே ஆன்ட்டிகிட்ட கேம் பண்ணச் சொன்ன? பேனாவும் நீதானே குடுத்த?"

ஸ்வர்ணா இத்தனை வருடம் காத்திருந்த முழுத் தமிழ் வாக்கியம். ஒன்று கேட்டாள், இரண்டாக வந்தது. உச்சரிப்பில் ஒரு குறை இல்லை.

மெஹர் நிஷாவைத் திரும்ப அழைக்க ஆள் அனுப்பினார்கள். அவர் வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து உபசரித்து, தான் வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். புத்தகம் இன்றும் பாடத்தில் இருக்கிறது, அச்சடித்ததை என்ன செய்வது. பிள்ளைகள் அந்த வாக்கியத்தை வைத்தே எழுத்துக் கூட்டப் பழகிவிட்டார்கள், நன்றாகவே வாசிக்கிறார்கள். ஞாயிறுதோறும் அவர்கள் அதைச் சுழித்ததும், பதினொன்றே காலுக்குக் குரல் வரும். அந்த நேரத்தில் ஸ்வர்ணா குளத்து மீன்களுக்குப் பொரி போட்டுக்கொண்டிருப்பாள்.