நோர்வே மாப்பிள்ளையின் பச்சை வானம்

கிஷாந்த் அனுப்பிய போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வானம் முழுக்கப் பச்சை வெளிச்சம். "நேத்து ராத்திரி என் வீட்டு வாசல்ல எடுத்தேன், உங்களுக்காக" என்று கீழே ஒரு வரி வேறு. விடிந்தால் எனக்கும் அவனுக்கும் பரிசம். நோர்வேயின் வடகோடியில் டிரோம்சோ என்ற ஊரில் மீன் கம்பெனி வேலையாம்; கல்யாணமானதும் என்னையும் அழைத்துக்கொள்வானாம். அதற்காகத்தான் சரி என்றேன். மாப்பிள்ளை அரபு நாட்டில், நான் அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் என்று வருசக்கணக்காகக் காத்துக்கிடக்க முடியாது என்று இரண்டு சம்பந்தத்தைத் தட்டிக்கழித்தவள் நான்.

ஆனி மாதம், காலை ஆறு மணிக்கு முகூர்த்தம். மாப்பிள்ளையின் அக்கா பிரியந்தி சொந்தக்காரர்களோடு வந்து, தாம்பாளத்துத் தேங்காயில் போனைச் சாய்த்துவைத்தாள். வீடியோவில் கிஷாந்த் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். எங்கள் லோஜன் அண்ணன் அவனைவிட அதிகமாகக் காட்டினான்.

"தட்ட வாங்கிக்கம்மா" என்றாள் பிரியந்தி.

"இருங்கக்கா. அந்தப் பச்சை வெளிச்சம் எப்புடி வருதுன்னு இவருக்குத் தெரியுமா?"

"இதென்ன பள்ளிக்கூடமா?" அண்ணன் முறைத்தான்.

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள்தானே நான். விடவில்லை. "சூரியன்லேருந்து மின்னேற்றம் உள்ள துகளுங்க பறந்து வருது. பூமியோட காந்தம் அதுகள துருவத்துப் பக்கம் இழுத்துக்கிட்டுப் போகுது. அங்க ஒசரத்துல இருக்கிற காத்துல மோதுனா ஒக்சிசன் பச்சையா ஒளிருது. அதான் நோர்வே, ஐஸ்லாந்து பக்கம் தெரியுது. நம்ம பட்டிப்பொல மலை உச்சியில ஏறி நின்னாலும் இப்புடித் தெரியாது."

"அப்ப தம்பி சொன்னது சரிதானே?" என்றாள் பிரியந்தி.

"அதப் பாக்க இருட்டு வேணும். அந்த ஊர்ல இந்த மாசம் சூரியன் மறையவே மறையாது. நடுச்சாமத்துலயும் வெளிச்சம்."

வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "படிச்ச திமிரு" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"கிஷாந்த், ஜன்னலத் தொறந்து வானத்தக் காட்டுங்க."

அவன் அசையவில்லை. "காட்டுடா தம்பி, இவ வாய அடைப்போம்" என்று பிரியந்தி அதட்டிய பிறகுதான் திரைச்சீலையை விலக்கினான். கும்மிருட்டு.

"பாத்தியா! அங்க இப்ப ராத்திரி ரெண்டரை மணி. இருட்டாத்தான் இருக்கும்!" பிரியந்தி கைதட்டினாள். எல்லோரும் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்கள். அவனை மாட்டிவிட்ட இருட்டே அவனுக்குச் சாட்சியாகிவிட்டது.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப்போய்ப் பல்லைக் கடித்தான். "அவரு கட்டார்ல இருந்தா இப்ப என்ன கொறைஞ்சு போச்சு? அரபு நாடுன்னாலும் நல்ல வேலைதானே?"

"கட்டார்னு நான் சொல்லவே இல்லையே, அண்ணே."

அவன் முகம் செத்துப்போனது. "நோர்வேன்னு சொன்னாத்தானே நீ ஒத்துக்குவ" என்றான்.

போனில் இருந்தவன் எவனோ. இவன் என் கூடப்பிறந்தவன். உள்ளே வந்து தாம்பாளத்தைத் தூக்கி, எல்லோரும் பார்க்க அண்ணன் கையில் திணித்தேன்.

"மாப்பிள்ள எந்த நாட்டுல இருக்காருன்னு நீயே சொல்லு. சொல்லிட்டு இத அவங்ககிட்டத் திருப்பிக் குடு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் வாய் திறக்கும்வரை நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.