ஆர்வல் வீட்டு மஞ்சள் சிட்டுகள்

ஆர்வல் டாலிஃப்சன் மனிதர்களிடம் ஒரு நல்ல வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. மஞ்சள் சிட்டுகளிடம் பேசிக் கேட்டிருக்கிறேன். விஸ்கான்சினில் எங்கள் ஊர்ச் சீஸ் ஆலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே வேலி கிடையாது, இரண்டு மேப்பிள் மரங்கள்தான். முன்னறை ஜன்னலுக்கு வெளியே, பறவைகள் தொங்கியபடி கொத்தித் தின்னும் தீனிக்குழாய் ஒன்றை அவர் கட்டியிருந்தார். காலையில் அதில் பேயெள் என்கிற பொடிக் கறுப்பு விதையைக் கொட்டிக்கொண்டே, "வாங்கடா ராஜாக்களா" என்பார். அவர் மனைவி ஆர்டிஸ் அந்தக் குழாயைத் தொடக் கூடாது.

"உன் கை பட்டா அதுங்க வராது" என்று என் எதிரிலேயே சொல்லியிருக்கிறார். ஆர்டிஸ் "சரி" என்பாள்.

அவளிடம் சாம்பல் நிறத்தில் ஒரு பூனை இருந்தது. ஒரு நாள் அது புல்லில் எள் பொறுக்கிக்கொண்டிருந்த சிட்டு ஒன்றைப் பிடித்துவிட்டது. ஆர்வல் பூனையைச் சாக்கில் போட்டு டிரக்கில் ஏற்றிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனார். சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்தார்.

"பூனை எங்க?" என்று ஆர்டிஸ் கேட்டாளாம்.

"எந்தப் பூனை?" என்றாராம். உருளைக்கிழங்கை இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாராம்.

அவருக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. ஒரு தவிட்டு நிறப் பறவை சிட்டுக் கூட்டில் திருட்டுத்தனமாக முட்டையிடும். மற்ற குருவிகள் குஞ்சுகளுக்குப் புழு கொடுக்கும், மஞ்சள் சிட்டு விதையை மட்டுமே கக்கிக் கொடுக்கும். அந்த வந்தேறிக் குஞ்சு வாயைப் பிளந்து பிளந்து, வயிறு நிறைய விதையோடு, மெலிந்து செத்துப்போகும். விருந்தாளி யார் வந்தாலும் ஆர்வல் இதைச் சொல்லிச் சிரிப்பார்.

போன வருஷம் ஜூனில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய், ஒரே ஒரு வார்த்தை தங்கியது: "வேணாம்." பசித்தாலும் வேணாம், தாகமெடுத்தாலும் வேணாம். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஆர்டிஸிடம், "அவர் வாயப் பாக்காதீங்க, கண்ணப் பாருங்க. வேணுமா வேணாமான்னு அதுல தெரியும்" என்றாள். நானும் கூட இருந்தேன். ஆர்டிஸ் கவனமாகத் தலையாட்டினாள்.

ஜன்னலை ஒட்டிக் கட்டில் போட்டார்கள். ஒரு நாள் செர்ரிப் பழம் வைத்து, பை என்கிற பலகாரம் சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஆர்வலின் கண் தட்டை விட்டு நகரவில்லை.

"பை வேணுமா ஆர்வல்?" என்றாள் ஆர்டிஸ்.

"வேணாம்."

"வேணாங்கிறார் லோயிஸ். நீயே கேட்டல்ல?" என்று என்னிடம் சொன்னபடியே தனக்கு ஒரு பெரிய துண்டாக வெட்டிக்கொண்டாள். அவர் பார்க்கப் பார்க்க, அவசரப்படாமல் தின்றாள்.

ஆகஸ்டில் மழை விடாமல் பெய்தது. மற்ற பறவைகள் குடும்பத்தை முடித்துவிட்டு ஓய்ந்திருக்கும்போதுதான் மஞ்சள் சிட்டு கூடு கட்டும். கூட்டில் விரிக்க முட்செடியின் பஞ்சு வெடிக்கும்வரை காத்திருக்கும் ஜாதி. அந்த மாதம் அவருடைய தீனிக்குழாயில் எள் நனைந்து, கட்டிதட்டி, பூசணம் பிடித்தது. சிட்டுகள் வந்து தலைகீழாகத் தொங்கி ஒரு கொத்து கொத்திவிட்டு என் முற்றத்துக்குப் பறந்துவிடும். மேப்பிள் மறைப்பதால் என் முற்றம் ஆர்வலுக்குத் தெரியாது.

"ஆர்டிஸ், தீனிய மாத்தலையா?"

"எதுக்கு? குழாய் நெறைய இருக்கே, பாரு."

மில்வாக்கியிலிருந்து மகள் ஜனெல் வந்தாள். "என்னம்மா, ஒரு சிட்டக்கூடக் காணோம்?"

"தெற்க போயிருக்கும்டி."

"இப்பவேவா?"

"எனக்கென்ன தெரியும்? உங்கப்பாவக் கேளு."

ஆர்வல் இடது கையால் கட்டில் கம்பியை அடித்து, "வேணாம், வேணாம்" என்று கத்தினார். ஜனெல் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். "அடுத்த வருஷம் வரும்ப்பா. அழாதப்பா."

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆர்டிஸ் சர்ச்சுக்குப் போன நேரம் பார்த்து, நான் குழாயைக் கழற்றி வெந்நீரில் கழுவி, காயவைத்து, புது எள் நிரப்பிக் கட்டினேன். மறுநாள் காலை ஒரு கூட்டமே வந்து இறங்கியது. மஞ்சள் உதிர்ந்து பாசி நிறத்துக்கு மாறியிருந்தன, இருந்தாலும் அவைதான். ஆர்வல் சிரித்தார். எச்சில் ஒழுகச் சிரித்தார். அவர்கள் முற்றத்தில் தள்ளி நின்று பார்த்தேன்.

ஆர்டிஸ் அவர் பின்னால் வந்து நின்றாள். பறவைகளைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு திரைச்சீலையை இழுத்து மூடினாள்.

நான் உள்ளே போனேன். "ஆர்டிஸ், திற."

"கண்ணு கூசுதாம்."

"வேணாம்" என்றார் ஆர்வல்.

"பாத்தியா? திறக்க வேணாங்கிறார்."

"அவருக்கு இருக்கிறதே அந்த ஒரு வார்த்தைதான்னு உனக்குத் தெரியாதா?"

அவள் என்னை நிதானமாகப் பார்த்தாள். "எனக்கும் இந்த வீட்ல ஒரு வார்த்தைதான் இருந்துது லோயிஸ். சரி, சரி, சரி. பக்கத்து வீட்லதான இருந்த? ஒரு நாளாவது வந்து, அவளுக்கு இருக்கிறதே ஒரு வார்த்தைதான்னு அவர்கிட்ட சொன்னியா?"

நான் கதவுப் பக்கம் நடந்தேன்.

"தீனி போடணும்னா போடு. நான் தடுக்கல" என்றாள்.

போட்டேன். அதுதான் அவருக்கு இன்னும் மோசமாகப் போயிற்று. குளிர்காலம் முழுக்கச் சிட்டுகள் அவர் காதிலிருந்து ஒரு கை தூரத்தில் கீச்சிட்டுச் சண்டை போட்டன. நடுவே ஒரு துணி. நான் போகும்போதெல்லாம் அவர் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். தொட முயன்றிருப்பார் போல, ஓரத்தில் அவர் எட்டும் இடம் கசங்கி அழுக்காக இருந்தது. ஆர்டிஸ் அதை மட்டும் அடிக்கடி இஸ்திரி போட்டாள். கஞ்சி, மருந்து, படுக்கை எதிலும் அவள் குறை வைக்கவில்லை. வந்த நர்ஸ்கள் எல்லோரும் அவளைப் புகழ்ந்தார்கள்.

பிப்ரவரியில் ஆர்வல் இறந்தார். அடக்கம் முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தோம். ஜனெல் போய்த் திரையை விலக்கினாள். பனிக்கு நடுவே குழாயில் இடமில்லாமல் சிட்டுகள் தொங்கின.

"அம்மா, பாரும்மா! அப்பாவத் தேடி வந்திருக்குங்க!"

சர்ச் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆர்டிஸ் ஹாம் சாண்ட்விச் தட்டை மேசையில் வைத்தாள். "அவருக்கு இதுங்கன்னா உயிராச்சே" என்றாள்.

எல்லோரும் கிளம்பிய பிறகு நானும் அவளும் பாத்திரம் கழுவினோம். கை துடைத்துவிட்டு நாற்காலியை ஜன்னலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் இதுங்களச் சரியாப் பாத்ததே இல்ல லோயிஸ்."

தடித்த ஆண் சிட்டு ஒன்று, ஒற்றைக்கால் வீங்கிய ஒன்றைக் கொத்திக் கொத்திக் கீழே தள்ளியது. அது பனியில் விழுந்து, எழுந்து, மறுபடி ஏறி வந்தது. மறுபடி கொத்து.

"பாரேன், விடுதா பாரு!" ஆர்டிஸ் தொடையில் தட்டிச் சிரித்தாள். நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

நான் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.