கூடுதலாக ஓர் அடி

புது வண்டியின் பின்பெட்டியில் ஏறிய என் மனைவி வசந்தாமணி, ஆறு நாளாகியும் முன்கோடிக்குப் போய்ச் சேரவில்லை. வெளியே அளந்தால் பெட்டியின் நீளம் ஒன்பது அடி. தினமும் காலையில் அளந்தேன்.

கல்யாணங்களுக்கு நாற்காலி வாடகைக்கு விடுவது எங்கள் தொழில். அதற்காகத்தான் பிக்கப் வாங்கினோம். ஷோரூமிலிருந்து வந்தபோது அது எல்லோருடைய வண்டியையும் போல வெள்ளையாக இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. பைபாஸ் ஓரத்தில் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் பொங்கியண்ணனிடம் கொண்டுபோய் விட்டேன்.

"உங்க இஷ்டத்தச் சொல்லுங்க," என்றார்.

சொன்னேன். கதவுக்கு மயில்கழுத்து நீலம். பம்பருக்கு மேல் நான்கு மஞ்சள் விளக்கு. ஸ்டியரிங்குக்கு வெல்வெட் உறை. பின்னால் மூடிய தகரப்பெட்டி, எட்டு அடிக்குப் பதிலாக ஒன்பது அடி. டிரைவருக்குப் பக்கத்து சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பெரிய ஸ்பீக்கர்.

"நீளத்த மட்டும் ரோசன பண்ணிச் சொல்லுங்க. சில வண்டிக்கு அது பிடிச்சுப் போயிருதுங்க."

"பிடிச்சா என்ன?"

"அப்பறம் அதும்பாட்டுக்கு நீட்டி வெச்சுக்கும்."

ஓர் அடிதானே என்றேன். அவர் குறித்துக்கொண்டார்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று வசந்தாமணி அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். கதவைத் திறந்தாள். ஸ்பீக்கரைப் பார்த்தாள்.

"ஏனுங்க, நான் எங்க உக்கார்றது?"

"பின்னாடி ஏறிக்க. விசாலமா இருக்குது."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். கேபினை ஒட்டி உட்கார்ந்தால் குலுங்காது என்று முன்பக்கமாக நடந்தாள். நான் கதவைச் சாத்தினேன். வண்டிக்குப் பூசை போடக் கோயிலுக்குப் போனோம். பாட்டு மிகத் தெளிவாகக் கேட்டது.

கோயில் வாசலில் பின்கதவைத் திறந்தேன். பெட்டி காலியாக இருந்தது. போன் அடித்தது.

"கோயில் வந்துருச்சுங்களா?" என்றாள்.

"வந்துருச்சு. எறங்கு."

"நான் இன்னும் முன்னாடி போய்ச் சேரலீங்க."

நான் ஏறிப் பார்த்தேன். ஒன்பதாவது அடியில் முன்சுவர் என் நெற்றியில் இடித்தது. அவளுடைய செருப்புத் தடம் சுவருக்கு அடியில் நேராகப் போயிருந்தது. பூசாரி எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு, ஆள் இருக்கும்போது வண்டியை வேகமாக எடுக்கக் கூடாது, மெதுவாக எடுங்கள் என்றார்.

அதற்குப் பிறகு அவள் காலையும் மாலையும் போன் செய்தாள்.

"சாப்புட்டியா?"

"வழியில ஒரு டீக்கடை இருக்குதுங்க. உப்புமா இருந்துச்சு."

"திரும்பி வந்துரு, வசந்தா."

"பாதிக்கு மேல வந்துட்டன். இனி முன்னாடி போறதுதான் கிட்ட." பிறகு கேட்டாள். "ஜன்னல் எதாச்சும் வெக்கச் சொன்னீங்களா?"

"இல்லையே."

"ஒன்னு இருக்குதுங்க. அதுல நம்ம ஊடு தெரியுது. கதவு தொறந்து கெடக்குது. நீங்க உள்ள படுத்திருக்கறீங்க."

நான் அப்போது கடைவீதியில் நின்றுகொண்டிருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

ஏழாம் நாள் பொங்கியண்ணனிடம் போய், கூடுதலாக வைத்த ஓர் அடியை வெட்டி எடுத்துவிடச் சொன்னேன். அவர் கட்டரை எடுத்துக்கொண்டு வந்தார். தகரத்தில் காதை வைத்துக் கேட்டார். கட்டரைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மணி இப்ப எந்த அடியில நடக்கறாங்கன்னு தெரியாம வெட்டக் கூடாதுங்க," என்றார். "ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டு வாங்க."

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைத் தட்டிப் பார்த்தார். எனக்கு ஒரு படிவம் தந்தார். செய்த மாற்றங்களில் உரிமையாளரின் இஷ்டம் எது, வண்டியின் இஷ்டம் எது என்று தனித்தனியாக எழுத வேண்டும். எழுதினேன்.

"உள்ள இருக்கறது ஆளா, சுமையா?"

"என் சம்சாரம்."

"அவங்களுக்கு சீட் இருக்கா?"

"இல்லைங்க."

"அப்ப சுமை. எடை எவ்வளவு?"

எனக்குத் தெரியவில்லை. பத்தொன்பது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அவளுக்குப் போன் செய்து கேட்டேன்.

"எதுக்குங்க?"

"படிவத்துல எழுதோணும். சுமைங்கற எடத்துல."

அவள், "ஸ்பீக்கரக் கழட்டிட்டீங்களா?" என்றாள்.

"இன்னும் இல்ல."

அவள் போனை வைத்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவர் என்னைப் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதில் தவறு எதுவும் இல்லை.

அலுவலக வாசலிலேயே ஸ்பேனர் எடுத்து ஸ்பீக்கரைக் கழற்றினேன். இரண்டு போல்ட்டைத் தொலைத்தேன். ஸ்பீக்கரை அங்கேயே வேப்பமரத்தடியில் விட்டுவிட்டுப் பட்டறைக்குத் திரும்பினேன். பழைய சீட்டைக் கேட்டேன்.

சீட் பட்டறையின் மூலையில் இருந்தது. அதில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் பெல்ட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும். அவர் யார் என்று பொங்கியண்ணனுக்கும் தெரியவில்லை.

"கழட்டி வெச்ச அன்னைக்கே வந்துட்டாருங்க," என்றார்.

"ஐயா, அது என் வண்டி சீட்டுங்க," என்றேன்.

"தெரியும். வண்டிய எப்ப எடுக்கறீங்க?"

"எங்கயும் போகலீங்க. சீட் மட்டும் வேணும். என் சம்சாரத்துக்கு."

"அவங்க எங்க?"

"வந்துட்டிருக்காங்க."

"வரட்டும், வந்ததும் பாத்துக்கலாம்," என்றார் அவர்.

பெல்ட்டின் பூட்டு திறக்கவில்லை. வேறு வழியில்லாமல், அவரோடு சேர்த்தே சீட்டைத் தூக்கி வந்து வண்டியில் பொருத்தினோம். ஸ்பேனரைப் பிடிப்பதில் அவரும் உதவினார்.

கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவே, ஷோரூமிலிருந்து வந்தபோதே இருந்த ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதுவரை அதில் இருட்டு மட்டுமே தெரிந்தது. கடைசி போல்ட்டை முறுக்கியபோது யாரோ அதைத் தட்டினார்கள். வசந்தாமணி நின்றுகொண்டிருந்தாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. முன்னந்தலையில் கொஞ்சம் நரைத்திருந்தது. கைப்பை தோளில் இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சீட்டைப் பார்த்தாள்.

"ஆள் இருக்குதுங்களே," என்றாள்.

"அவரு எறங்கிருவாரு, வசந்தா. பூட்டுதான் தொறக்க மாட்டேங்குது."

"இருக்கட்டுங்க," என்றாள். அவளுக்குக் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவள் திரும்பி, வந்த வழியே நடக்கத் தொடங்கினாள்.

நான் கீழே குதித்து, பின்பக்கம் ஓடி, கதவைத் திறந்து ஏறினேன். ஒன்பதாவது அடியில் கையை நீட்டினேன். சுவர் இல்லை. பத்தாவது அடி இருந்தது. பதினொன்று இருந்தது. எனக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. பெல்ட் பூட்டு திறக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. வண்டி நகர்ந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் நன்றாகவே ஓட்டினார்.

உள்ளே இருட்டாக இருந்தது. போன் செய்தேன்.

"வசந்தா, நான் எதிர்ல வர்றன்."

"உள்ளயா வந்துட்டீங்க?"

"ஆமா."

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அவள் வேகமாக நடக்கிறாள் என்று நினைத்தேன்.

"எந்தக் கையோரமா வர்றீங்க?"

"இடது கை."

"நானும் இடது கைதாங்க," என்றாள். பேட்டரி தீர்ந்து போன் அணைந்தது.

எதிரெதிராக வருகிறவர்களின் இடது கைகள் வேறு வேறு பக்கம். அவளைப் பார்க்காமலே நான் தாண்டிப் போய்விடலாம். வலது ஓரத்துக்கு மாறினேன். அவளும் இதையே யோசித்து மாறியிருப்பாள் என்று தோன்றியது. திரும்ப இடது ஓரத்துக்கு வந்தேன். அவள் நான் மாறியதையும் யோசித்திருப்பாள். எனக்காக யோசிப்பது அவளுக்குப் பழக்கம்.

நான் அளந்தது நீளத்தை மட்டும்தான். ஆனால் அகலம் ஐந்தரை அடி என்று பொங்கியண்ணன் சொன்னது நினைவிருந்தது. நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தேன். இரு பக்கமும் விரல் நுனி தகரத்தில் உரசியது. இப்படிப் போனால் என்னைத் தொடாமல் அவள் கடந்து போக முடியாது. அப்படியே நடந்தேன்.

சற்று நேரம் கழித்து இடது கைக்குத் தகரம் எட்டவில்லை. அதன் பிறகு வலது கைக்கும். நான் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே நடந்தேன்.